மொன்ட்ரியல் தெருக்களில் குவியும் பனி எங்கே போகிறது?

கனடாவில் உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை தொலைபேசியில் கேட்டுப் பழகிப்போன செய்திகள் சில உண்டு. வேலைக்குப் புறப்படும் முன் ஒரு மணி நேரம் பனி அள்ளியதாக மகன் சொல்வார். இரவு நிறுத்திய காரைக் காலையில் காணவில்லை என்பார் மருமகள். வழுக்கி விழும் பயத்தில் பத்து நாளாக வாசற்படியே இறங்கவில்லை என்பார் அக்கா. தோட்டத்திலும் தாமானிலும் வெயிலையும் மழையையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சற்று மிகையாகத் தோன்றலாம். பனிதானே, வெயில் வந்தால் உருகிவிடாதா என்று கேட்கத் தோன்றும்.

உருகாது என்பதுதான் அங்குள்ள சிக்கல். மலேசியாவில் எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் நீர் கால்வாய் வழியாகத் தானே ஓடிவிடும். கால்வாய் அடைத்துக்கொண்டால்தான் வெள்ளம். பனி ஓடாது. விழுந்த இடத்திலேயே கிடக்கும். கியூபெக் மாநிலத்தின் மொன்ட்ரியல் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே சுமார் 10 பாகை. டிசம்பரில் விழுந்த பனி மேல் ஜனவரிப் பனி விழும். அதன் மேல் பிப்ரவரிப் பனி விழும். யாராவது அள்ளி வேறிடத்தில் போடாவிட்டால் மார்ச் வரை அது அங்கேயே இருக்கும்.

ஆகவே பனி அகற்றும் வேலை என்பது உண்மையில் பனியை இடம் மாற்றும் வேலை. சாலையிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து நகரின் எல்லைக்கு. ஒருவர் தம் இடத்தைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பனி இன்னொருவர் வாசலில் போய் விழலாம். குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தாரிடையே வரும் சச்சரவுகளில் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. மாநகர் மன்றம் வகுத்திருக்கும் விதிகளும் இதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

எவ்வளவு பனி, எவ்வளவு எடை

மொன்ட்ரியலில் ஓர் ஆண்டில் சராசரியாக ஏறத்தாழ 2 மீட்டர் பனி விழுகிறது. இது பல நாள்களில் பிரிந்து விழுவது. ஆனால், எல்லா ஆண்டும் அப்படிப் பொறுமையாக விழுவதில்லை. 2025 பிப்ரவரி நடுவில் நான்கு நாள்களுக்குள் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து 70 சென்டிமீட்டருக்கும் மேல் பனியைக் கொட்டிவிட்டுப் போயின. கார்கள் இருந்த இடம் தெரியாமல் வெள்ளை மேடுகளாயின. 1971 மார்ச் 4-ஆம் தேதி ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் பனி விழுந்ததை அந்நகரின் மூத்தவர்கள் 'நூற்றாண்டின் புயல்' என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

பார்ப்பதற்குப் பஞ்சு போல் இருந்தாலும் பனிக்கு எடை உண்டு. புதிதாக விழுந்த பனி, கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். ஈரப் பனியானால் அது 300 கிலோவையும் தாண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு முன் கார் நிற்கும் இடம் 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். அதில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 6 கன மீட்டர். அதாவது 600 கிலோ. 20 கிலோ எடையுள்ள செம்பனைக் குலைகள் முப்பதைத் தூக்கி ஓரமாகப் போடுவதற்குச் சமம். ஈரப் பனியானால் தொண்ணூறு குலை. இதை ஒருவர் காலை உணவுக்கு முன் செய்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

தெருவுக்கு இதே கணக்கைப் போட்டால், 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள சிறிய தெருவில் 20 சென்டிமீட்டர் பனி என்பது 20 டன். மொன்ட்ரியல் மாநகர் மன்றம் பார்த்துக்கொள்ள வேண்டிய சாலைகளும் நடைபாதைகளும் சேர்ந்து சுமார் 10,000 கிலோமீட்டர். ஒரு பெரும் பனிப்பொழிவுக்குப் பின் சுமார் 3,000 பேர் இரவு பகலாக வேலை செய்ய வேண்டியிருப்பது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

அழுத்தியவர்கள் அள்ளத் தொடங்கிய கதை

ஒரு காலத்தில் அங்கேயும் பனியை அள்ளவில்லை. குதிரைகள் இழுக்கும் சறுக்கு வண்டிகள் ஓடிய நாளில் பனி தடையாக இல்லை, அதுவே பாதை. சாலைப் பனியைப் பெரிய உருளைகளைக் கொண்டு அழுத்திக் கெட்டியாக்கினார்கள். வண்டி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

கார் வந்ததும் நிலைமை தலைகீழானது. ரப்பர் சக்கரம் பனியில் புதையும், சுழலும், வழுக்கும். சாலையில் தார் தெரிந்தால்தான் கார் ஓடும். மொன்ட்ரியல் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் என்பவர் 1925-இல் பனியை வாரி எடுத்துத் தூர வீசும் இயந்திரத்தை உருவாக்கினார். 1927-இல் அதை முதலில் வாங்கியது, இன்று மொன்ட்ரியலின் ஒரு வட்டாரமாக இருக்கும் அவுட்ரமோன் நகரம். இன்று அந்நகரத் தெருக்களில் லாரிகளுக்குள் பனியை வீசும் பெரிய இயந்திரங்கள் அதன் வழிவந்தவைதான்.

நான்கு கட்ட வேலை

பனி விழத் தொடங்கியதிலிருந்து தெரு சுத்தமாகும் வரை மாநகர் மன்றத்தின் வேலை நான்கு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம் உப்புத் தூவுவது. உப்பு கலந்த நீர் சுழியம் பாகையில் உறையாது என்பதால் பனி தரையில் ஒட்டிக்கொள்ளாமல் இளகும். ஆனால், உப்புக்கும் எல்லை உண்டு. சுழியத்துக்குக் கீழே 15 பாகைக்கு மேல் குளிர் இறங்கிவிட்டால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது சிறு சரளைக் கல்லைத் தூவுகிறார்கள். கல் பனியை உருக்காது; காலுக்கும் சக்கரத்துக்கும் பிடிமானம் கொடுக்கும்.

இரண்டாம் கட்டம் தள்ளுவது. பனி 2.5 சென்டிமீட்டர் சேர்ந்ததும் முன்புறம் பெரிய தகடு பொருத்திய வண்டிகள் கிளம்புகின்றன. அவை பனியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வேகமாகப் போய்க்கொண்டே இருக்கும். நடைபாதைகளில் சங்கிலிச் சக்கரம் கொண்ட சிறிய வண்டிகள் ஓடுகின்றன. பெருஞ்சாலைகள், பேருந்துத் தடங்கள், மருத்துவமனைச் சுற்றுப்புறம் முதலில். குடியிருப்புத் தெருக்கள் கடைசியில். தங்கள் தெருவுக்கு வண்டியே வரவில்லை என்று மக்கள் புகார் சொல்வதற்கு இந்த வரிசைதான் பெரும்பாலும் காரணம். ஆம்புலன்ஸ் வண்டி போகும் சாலை முதலில் திறக்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை, காத்திருப்பதுதான் கடினம்.

மூன்றாம் கட்டம் ஏற்றுவது. பனி 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை சேர்ந்தால்தான் இது தொடங்கும். ஓரத்தில் குவிந்த பனியை வண்டிகள் சாலையின் நடுவே ஒரு நீண்ட வரிசையாகக் கொண்டுவருகின்றன. வீசும் இயந்திரம் அதை விழுங்கி, பக்கத்திலேயே ஊர்ந்துவரும் லாரிக்குள் வீசுகிறது. ஒரு லாரி நிறைந்ததும் அடுத்தது அதன் இடத்துக்கு வந்துவிடும். இயந்திரத்துக்கு முன்னால் கண்காணிக்க ஒருவர் இருக்க வேண்டும் என்பது கியூபெக் சட்டம். பனிக்குவியலுக்குள் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. சாலையோரப் பனிமேட்டில் குகை தோண்டி விளையாடக் கூடாது என்று அங்கே பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைப்பதும் இதனால்தான்.

நான்காம் கட்டம் கொட்டுவது. இதில்தான் பலருக்கும் தெரியாத செய்தி இருக்கிறது.

குழிக்குள் ஒரு பனிமலை

ஆண்டுக்கு ஆண்டு கூடக் குறைய இருந்தாலும், மொன்ட்ரியலில் ஒரு குளிர்காலத்தில் அள்ளப்படும் பனி ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர் என்று கணக்கிடப்படுகிறது. இதை எங்கே கொட்டுவது?

முன்பெல்லாம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் நேராகக் கொட்டினார்கள். நகரப் பனி வெறும் நீர் இல்லை. சாலை உப்பு, கார் எண்ணெய், குப்பை, உலோகத் துகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆறு கெடுவதைப் பார்த்து அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. இப்போது சில லாரிகள் பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குள் இறங்கும் துவாரங்களில் பனியைக் கொட்டுகின்றன. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் அந்தக் குளிரிலும் ஓரளவு வெதுவெதுப்பாக இருப்பதால் பனி அதில் உருகிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மற்ற லாரிகள் திறந்தவெளித் திடல்களுக்குப் போகின்றன.

எல்லாவற்றிலும் பெரியது ஃபிரான்கோன் என்ற பழைய கல் குவாரி. நகரின் வடகிழக்கே, வீடுகள் நெருங்கிய செயின்ட் மிஷேல் பகுதியின் நடுவில் இருக்கும் ஆழமான பள்ளம் அது. குளிர்காலம் முழுதும் லாரிகள் அதன் விளிம்பில் வந்து பனியைக் கொட்டுகின்றன. ஊரில் மரங்கள் பச்சையாகி மக்கள் அரைக்கைச் சட்டையில் நடமாடும் கோடையிலும் குவாரிக்குள் அழுக்குப் படிந்த பனிமலை கிடக்கும். உருகும் நீரையும் அப்படியே விட முடியாது. கழிவுநீரோடு சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதிலும் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. நகரத்தின் எல்லாத் தெருக்களும் சுத்தமாகும்போது லாரிகளின் இரைச்சலும் புகையும் குவாரியைச் சுற்றி வாழ்பவர்களுக்கே போகின்றன. புதிதாகக் குடியேறியவர்களும் வருமானம் குறைந்தவர்களும் அதிகம் வாழும் பகுதி அது. ஒருவர் வாசலிலிருந்து அகற்றிய பனி இன்னொருவர் பக்கத்தில் போய்ச் சேர்கிறது என்பது வீட்டளவில் மட்டுமின்றி நகர அளவிலும் நடப்பதுதான்.

சைரன் ஒலித்தால் காரை எடுக்க வேண்டும்

சாலையோரத்தில் கார்கள் நின்றால் பனியை அள்ள முடியாது. அதனால், ஏற்றும் வேலைக்கு முன் அந்தத் தெருவில் ஆரஞ்சு நிறத் தற்காலிகப் பலகைகள் நடப்படுகின்றன. எந்த நேரத்துக்குள் அங்கே நிறுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் காலை 7 முதல் மாலை 7 வரை, அல்லது மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. கியூபெக்கில் 24 மணி நேரக் கணக்கு என்பதால் பலகையில் 19 என்று இருந்தால் அது மாலை 7. பிரெஞ்சு மொழியும் இந்த நேரக் கணக்கும் பழகாத புதியவர்கள் இங்கேதான் முதல் அபராதத்தைக் கட்டுகிறார்கள்.

குறித்த நேரம் வந்ததும் இழுவை வண்டி சைரன் ஒலித்தபடி தெருவுக்குள் நுழையும். நள்ளிரவானாலும் ஒலிக்கும். இன்னும் எடுக்கப்படாத கார்களின் உரிமையாளர்களுக்கு அது கடைசி எச்சரிக்கை. கைலியோ பைஜாமாவோ எதைக் கட்டியிருந்தாலும் மேலே தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு கீழே ஓடத்தான் வேண்டும். ஓடவில்லை என்றால் கார் இழுக்கப்படும். பெரும்பாலும் தூரத்துக் கிடங்குக்குக் கொண்டுபோவதில்லை. பக்கத்துத் தெருவொன்றில் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தெரு என்பதை மாநகர் மன்றத்தின் இணையச் சேவையில் கார் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். அபராதமும் இழுவைக் கட்டணமும் தனி.

'இன்ஃபோ நேஜ்' என்ற கைப்பேசிச் செயலி, தெருவின் பெயரைக் கொடுத்தால் எப்போது அங்கே பனி ஏற்றப்படும் என்று காட்டும். நேஜ் என்றால் பிரெஞ்சில் பனி. தமிழர்கள் பலர் வாழும் கோட் டே நேஜ் வட்டாரத்தின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. பனிச் சரிவு என்று பொருள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் அங்கேயும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலும் குடியேறினார்கள். அடுக்கு வீடுகள் நெருங்கிய, தனி கார் நிறுத்துமிடம் இல்லாத தெருக்கள் அங்கே ஏராளம். அதனால், சைரனுக்கு எழுந்து ஓடுவது அந்தத் தலைமுறையினர் பலருக்குப் பழகிப்போன ஒன்று.

வாசலில் விழும் பனி வரப்பு

பனி அள்ளுபவர்களை மிகவும் சோர வைப்பது ஒன்று உண்டு. அரும்பாடுபட்டு வாசலைச் சுத்தம் செய்து முடித்த பத்தாம் நிமிடம் மாநகர் மன்ற வண்டி வரும். சாலைப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, கார் வெளியே வரும் வாயிலின் குறுக்கே வயல் வரப்பு போல் ஒரு மேட்டைக் கட்டிவிட்டுப் போகும். சாலையில் அரைபட்ட பனி என்பதால் அது கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஒரு மணி நேரம் விட்டால் கல்லாகிவிடும்.

வண்டி ஓட்டுபவர் வேண்டுமென்றே செய்வதில்லை. தகட்டின் ஓரத்தில் வழியும் பனி, தடுப்பு இல்லாத இடத்தில் விழத்தான் செய்யும். அனுபவம் உள்ளவர்கள் வாயிலருகே முழுவதும் அள்ளாமல், வண்டி ஒரு முறை வந்து போன பிறகு மிச்சத்தை அள்ளுகிறார்கள். அள்ளும் பனியை, சாலையை நோக்கி நிற்கும்போது வலது கைப் பக்கமாகக் குவிக்கிறார்கள். வண்டி இடது பக்கமிருந்து வருவதால் இந்தக் குவியல் மறுபடியும் வாயிலுக்குள் தள்ளப்படாது. தமிழர்கள் மிகுதியாக வாழும் டொரோண்டோவின் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில், இந்த வரப்பை உடைத்து ஒரு கார் போகும் அளவு வழிவிடும் வேலையை மாநகர் மன்றமே பல தெருக்களில் செய்கிறது. ஆனாலும், பெரும்புயல் வந்தால் அந்த வண்டி வருவதற்கு நேரமாகும்.

கோபத்தில் அந்தப் பனியைத் திருப்பிச் சாலையில் வீசுபவர்களும் இருக்கிறார்கள். பொதுவாக அது குற்றம், அபராதம் உண்டு. சாலையில் விழும் கட்டிப் பனி அடுத்த கார் சறுக்கக் காரணமாகும். பக்கத்து வீட்டு எல்லையில் குவிப்பதும் பகையை வளர்க்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் விதி சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: தம் நிலத்துப் பனியைத் தம் நிலத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இடமில்லாதவர்கள் குளிர்காலம் முழுதுக்கும் ஒரு தொகை பேசிக் குத்தகையாளர்களிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள்.

நடைபாதையை யார் பார்ப்பது?

கார் போக வழி கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது எளிது. நடந்து போகிறவர்களுக்கு அப்படியில்லை. நடைபாதையை ஒரு வீட்டுக்காரர் சுத்தம் செய்து பக்கத்து வீட்டுக்காரர் விட்டுவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நடைபாதை முழுவதுமே இல்லாதது மாதிரிதான். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகும் தாயும் ஊன்றுகோல் பிடித்த பாட்டியும் சாலையில் இறங்கிக் கார்களோடு நடக்க வேண்டிவரும்.

இந்தப் பொறுப்பை நகரங்கள் வெவ்வேறு விதமாகப் பிரித்திருக்கின்றன. மொன்ட்ரியலில் பொது நடைபாதை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அமெரிக்காவின் போஸ்டன், சிகாகோ போன்ற நகரங்களில் அது வீட்டுக்காரர், கடைக்காரர் பொறுப்பு. டொரோண்டோவில் முன்பு பழைய நகரப் பகுதியில் வீட்டுக்காரர்களே அள்ளினார்கள். 2021-க்குப் பின் அந்த வேலையையும் பெரும்பாலும் மாநகர் மன்றம் ஏற்றது. வயதானவர் தம் வீட்டு முன்னால் அள்ள முடியாமல் போனால் அவதிப்படுவது அந்த வழியாக நடக்கும் எல்லாரும்தான் என்ற வாதம் அங்கே எடுபட்டது.

மாநகர் மன்றம் நடைபாதையைச் சுத்தம் செய்தாலும் வீட்டுப் படிகள் வீட்டாருக்கே. மொன்ட்ரியலின் பழைய அடுக்கு வீடுகளுக்கு வெளிப்புறத்திலேயே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டுகள் அழகுக்குப் பேர் போனவை. ஜனவரியில் அவையே ஆபத்து. இரண்டாம் மாடியில் தனியாக வாழும் முதியவர் படியில் பனி படிந்துவிட்டால் கடைக்கும் போக முடியாது, மருத்துவரிடமும் போக முடியாது. சில வட்டாரங்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்குப் பனி அள்ளித் தர இளைஞர் குழுக்கள் ஏற்பாடு செய்யப்படுகின்றன. அந்தக் குழுக்கள் இல்லாத தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்தான் துணை. தாமான்களில் கோத்தோங் ரோயோங் நடப்பது போல் அங்கே யாரும் நாள் குறித்துக் கூடுவதில்லை. தம் படியை அள்ளும்போது அடுத்த வீட்டுப் பாட்டியின் படியையும் சேர்த்து அள்ளிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

உயிரைப் பறிக்கும் வேலை

பனி அள்ளுவதை உடற்பயிற்சியாக எண்ணி இறங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. கியூபெக் மாநிலத்தின் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்தது அது. 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள், பனி விழாத நாளோடு ஒப்பிட்டால், ஆண்கள் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 விழுக்காடும் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 விழுக்காடும் கூடியிருந்தன. பெண்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. பனி அள்ளும் வேலையை அங்கே ஆண்களே அதிகம் செய்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

கடுங்குளிரில் இரத்த நாளங்கள் சுருங்கும். கையால் தூக்கி வீசும் வேலை இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் இன்னும் ஏறும். வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். தெற்காசிய வம்சாவளியினருக்கு இதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்த ஒன்று. அதனால், இந்த எச்சரிக்கை தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

தூக்குவதைவிடத் தள்ளுவது நல்லது. ஒரு முழு ஷவல் அள்ளுவதைவிடப் பாதி அள்ளுவது நல்லது. 30 சென்டிமீட்டர் விழுமென்று அறிவிப்பு வந்தால், முழுதும் விழட்டும் என்று காத்திராமல் இரண்டு மூன்று தடவையாக அள்ளலாம். இதய நோய் உள்ளவர்களும் நெடுங்காலம் உடலுழைப்பு இல்லாதவர்களும் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. நெஞ்சு, கை, தாடைப் பகுதியில் வலியோ இறுக்கமோ தோன்றினால் அந்த நிமிடமே நிறுத்தி 911 எண்ணை அழைக்க வேண்டும். அள்ளி முடித்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பனியில் புதைந்த காரின் புகைக்குழாய் அடைத்திருக்கும்போது, குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டுப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தால் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு உள்ளே சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியே பெற்றோர் பனி அள்ளிக்கொண்டிருக்க உள்ளே இருந்தவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் வட அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். வீட்டுச் சுவரில் இருக்கும் வெப்பமூட்டியின் புகைத் துவாரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். கைத்தள்ளு பனி வீசும் இயந்திரத்தில் கட்டிப் பனி அடைத்துக்கொண்டால் அதை முழுமையாக நிறுத்திவிட்டு, கோலால்தான் குத்தி எடுக்க வேண்டும்; கையை உள்ளே விடக் கூடாது.

மேயர் நாற்காலியையும் ஆட்டியது

குப்பை எடுக்காவிட்டால் மன்றத்தைத் திட்டுவது எந்த ஊரிலும் உள்ளதுதான். பனி நகரங்களில் அந்தக் கோபம் தேர்தல் வரை போயிருக்கிறது. 1969 பிப்ரவரியில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதித் தெருக்கள் நாள் கணக்கில் பனியில் கிடந்தன. மேயர் ஜான் லிண்ட்சே அங்கே போனபோது மக்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1979-இல் சிகாகோ மேயர் மைக்கேல் பிலான்டிக், பெரும் பனிப்புயலைச் சமாளிக்கத் தவறியதால் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே ஜேன் பெர்னிடம் தோற்றார். 1999 ஜனவரியில் டொரோண்டோ மேயர் மெல் லாஸ்ட்மேன் பனியை அகற்ற இராணுவத்தை வரவழைத்தார். மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு.

தெருவளவில் இது வேறு வடிவம் எடுக்கிறது. சிகாகோவிலும் போஸ்டனிலும் தாம் அள்ளிச் சுத்தம் செய்த கார் இடத்தில் பழைய நாற்காலியை வைத்து அது தமக்கே என்று உரிமை கொண்டாடும் வழக்கம் உண்டு. பொதுச் சாலை யாருக்கும் சொந்தமில்லை என்கிறது சட்டம். இரண்டு மணி நேரம் முதுகொடிய அள்ளியவரின் இடத்தில் வேறொருவர் வந்து காரை நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று கேட்கிறார்கள் நாற்காலி வைப்பவர்கள். 2015-இல் போஸ்டனில் ஒரே குளிர்காலத்தில் 280 சென்டிமீட்டர் பனி விழுந்தபோது இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு அங்கே குவிக்கப்பட்ட கடைசிப் பனிமேடு முற்றிலும் உருகியது ஜூலை 14-ஆம் தேதிதான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு

படிப்புக்கும் வேலைக்கும் மொன்ட்ரியல் போகும் இளையோர் முதல் குளிர்காலத்துக்கு முன் சிலவற்றைச் செய்துகொள்வது நல்லது. வீடு வாடகைக்கு எடுக்கும்போதே படிக்கட்டையும் கார் இடத்தையும் யார் சுத்தம் செய்வது என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கார் வைத்திருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். இது கியூபெக் சட்டம். காருக்குள் ஒரு சிறிய ஷவல், பனி துடைக்கும் தூரிகை, ஒரு போர்வை இருக்கட்டும். புறப்படும் முன் கண்ணாடியை மட்டுமின்றிக் காரின் கூரையையும் துடைக்க வேண்டும். ஓடும்போது கூரையிலிருந்து பறக்கும் பனிக்கட்டி பின்னால் வரும் காரின் கண்ணாடியில் மோதும். வீட்டு வாசலில் ஒரு வாளி உப்பும் சரளைக் கல்லும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டில் வயதானவர் யாராவது இருக்கிறாரா என்று முதல் பனிக்கு முன்பே தெரிந்துகொள்வதும் நல்லது.

மலேசியாவிலிருந்து தொலைபேசியில் பேசும் பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பனி அதிகமா என்று மட்டும் கேட்காமல், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் மகன் அதைத் தனியாக அள்ளுகிறாரா, யாராவது துணைக்கு இருக்கிறார்களா என்றும் கேட்கலாம்.